கடல் மீன் தொட்டியில் சிக்கலா? மருந்து ஊற்றும் முன் அறிகுறியைப் பாருங்கள்

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் கடல் மீன் வளர்ப்பவர்களுக்கு ஒரு கூடுதல் சிரமம் உண்டு. ஒரு மீன் போனால் அடுத்ததை வாங்க பெங்களூருக்கோ சென்னை கொளத்தூருக்கோ போக வேண்டும். இல்லையென்றால் பார்சலில் வரும் பாலிதீன் பைக்காக விடியற்காலையில் பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். அந்தப் பதற்றத்தில், மீன் கொஞ்சம் சோர்ந்து தெரிந்தாலே கையில் கிடைக்கும் மருந்தை ஊற்றிவிடுகிறார்கள். ஆனால் நான் பார்த்த தொட்டிகளில் பெரும்பாலும் நோய் இரண்டாவதாகத்தான் வந்திருக்கிறது. முதலில் இருந்த கோளாறு வேறு: தொட்டிக்குப் பொருந்தாத மீன், அல்லது ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத மீன்கள். அதைச் சரி செய்யாமல் எந்த மருந்து ஊற்றினாலும் பலன் நிற்காது.

எனவே கீழே படிப்பதற்கு முன் ஒரு டேப் எடுத்துத் தொட்டியை அளந்துவிடுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி, வருவதை 28.3ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு கிடைக்கும். 2×1×1 அடித் தொட்டி சுமார் 57 லிட்டர். 3×1.5×1.5 அடி என்றால் 190, 4×1.5×1.5 என்றால் 255, 6×2×2 என்றால் 680. கல், மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக இதில் 15 முதல் 20 சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், உள்ளே இருக்கும் ஒவ்வொரு மீனும் முழுதாக வளர்ந்தால் எவ்வளவு நீளம் வரும் என்று பக்கத்தில் எழுதுங்கள். கடையில் வாங்கிய அன்றைய நீளம் இங்கே உதவாது. நன்னீர் மீனுக்குச் சொல்லும் லிட்டர் கணக்கும் இங்கே செல்லாது. கடல் நீரில் கரையும் ஆக்ஸிஜன் நன்னீரைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. போதாததற்கு, பவளப்பாறை மீன்களில் பல, தனக்கென்று ஒரு இடம் பிடித்து அதைக் காவல் காப்பவை.

வாங்கி வந்த இரண்டு மூன்று நாளில் மீன் செத்துவிடுகிறது

முதல் கேள்வி: தொட்டி போட்டு எத்தனை வாரம் ஆயிற்று? உப்புக் கலவை கரைத்து, ஃபில்டர் ஓடவிட்டு, அடுத்த வாரமே மீன் விட்டிருந்தால் காரணம் அமோனியாதான். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா கல்லிலும் மணலிலும் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். கடல் தொட்டியில் இது இன்னும் ஆபத்து. தண்ணீரின் பி.ஹெச். 8.1 முதல் 8.4 வரை இருப்பதால், அமோனியாவில் நஞ்சாக இருக்கும் பங்கு கூடிவிடும். டெஸ்ட் கிட்டில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டாதவரை மீன் விடாதீர்கள். "ஒரு டாம்சலை விட்டுப் பாருங்க, அது பொழச்சா தொட்டி ரெடி" என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள். டாம்சல் என்பது எதையும் தாங்கும் ஒரு சின்ன முரட்டு மீன்; அது பிழைத்துவிட்டால் வரும் தொல்லையைக் கீழே சொல்கிறேன். மீன் இல்லாமலே ஒரு சிட்டிகை தீவனத்தை அழுகவிட்டு இந்தச் சுழற்சியைத் தொடங்கலாம்.

தொட்டி பழையது, அமோனியாவும் இல்லை, ஆனாலும் புது மீன் சாகிறது என்றால் உப்பு அளவைப் பாருங்கள். பல கடைகளில் உப்புச் செலவைக் குறைக்கவும் ஒட்டுண்ணியை அடக்கவும் 1.018, 1.020 அடர்த்தியில் (நன்னீரை 1 என்று வைத்து அளப்பது; உப்பு கூடினால் எண் கூடும்) மீனை வைத்திருப்பார்கள். நம் தொட்டியில் 1.025 இருக்கும். குறைந்த உப்பிலிருந்து கூடிய உப்புக்கு மீன் ஒரே நாளில் மாறினால் தாங்காது. ஆர்டர் கொடுக்கும்போதே கடையில் அடர்த்தி எவ்வளவு என்று கேளுங்கள். தனியாக ஒரு சின்னத் தொட்டியில் அதே அளவுக்குத் தண்ணீர் தயார் செய்து வையுங்கள். பை வந்ததும் வெப்பம் சமமாக 15, 20 நிமிடம் மிதக்கவிட்டு, திறந்தவுடன் மீனை மட்டும் அந்தத் தொட்டிக்கு மாற்றுங்கள். பிறகு சில நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் கூட்டலாம்.

இங்கே பலர் செய்வது, பையைத் திறந்துவைத்து மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலப்பது. பக்கத்து ஊர்க் கடையில் வாங்கிய மீனுக்கு அது சரி. இரவெல்லாம் பஸ்ஸில் வந்த பைக்கு அது ஆகாது. மூடிய பைக்குள் கரியமில வாயு நிறைந்திருப்பதால் பி.ஹெச். இறங்கி, சேர்ந்திருக்கும் அமோனியா அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறும், பி.ஹெச். ஏறும், அடங்கிக் கிடந்த அமோனியா நஞ்சாக மாறும். நீங்கள் பக்குவமாகச் சொட்டுவிடும் நேரமெல்லாம் மீன் அதில்தான் மூச்சு விடுகிறது.

ஒரே ஒரு மீன் மற்ற எல்லாவற்றையும் விரட்டுகிறது

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். ஆனால் யாரும் இப்படிக் கேட்பதில்லை. காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு தம்பி போனில் கேட்டது இது: "அண்ணா, டாம்சல் மட்டும்தான் உயிரோட இருக்கு. மத்ததெல்லாம் ஒண்ணு ஒண்ணா போயிடுச்சு. தண்ணி சரியில்லையா?" அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்றார். "செத்த மீனோட வால் எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டேன். வால் ஓரம் பிய்ந்திருந்தது, பக்கவாட்டில் செதில் உதிர்ந்திருந்தது. தொட்டி 3 அடி. உள்ளே இருந்தது மூன்று புள்ளி டாம்சல், கறுப்பில் வெள்ளைப் பொட்டு வைத்த அதே மீன்தான். குட்டியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு அழகாக இருக்கும். வளர்ந்தால் 14 செ.மீ. வரை வரும், பொட்டு மங்கும், 3 அடித் தொட்டி முழுவதையும் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும்.

சண்டையை உறுதி செய்ய, விளக்கு போட்டுக் கால் மணி நேரம் தொட்டி முன் அசையாமல் உட்காருங்கள். நீங்கள் பக்கத்தில் வந்தவுடன் எல்லா மீனும் தீவனத்துக்காக முன்னால் வரும். அப்போது சண்டை தெரியாது. சற்று நேரம் கழித்துதான் அதனதன் வேலைக்குத் திரும்பும். அடிபடும் மீன் மேல் மூலையிலோ ஹீட்டருக்குப் பின்னாலோ ஒண்டி நிற்கும். நிறம் வெளிறியிருக்கும். தீவனம் போட்டால் பாதி தூரம் வந்து, திரும்பிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கும். அந்தத் திரும்பிப் பார்த்தலை ஒருமுறை கவனித்துவிட்டால் போதும், நோய்க்கும் பயத்துக்கும் வித்தியாசம் உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

தீர்வுக்கு வருவோம். விரட்டும் மீனைப் பிடித்து, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் அதே தொட்டிக்குள் மிதக்கவிடுங்கள். ஒன்றிரண்டு வாரம் அங்கேயே இருக்கட்டும். இதற்குள் கற்களை இடம் மாற்றி அடுக்குங்கள். பழைய எல்லைகள் கலைந்துவிடும். மற்ற மீன்கள் தமக்கு இடம் பிடித்துக்கொள்ளும். பிறகு விட்டுப் பாருங்கள். மூன்று புள்ளி டாம்சல், மெரூன் கிளௌன், டிரிகர் போன்றவற்றுக்கு இது தற்காலிகம்தான். அவற்றைக் கடைக்கோ, முரட்டு மீன்கள் மட்டும் வைத்திருக்கும் ஒருவருக்கோ கொடுத்துவிடுவதே நிரந்தரத் தீர்வு.

அடுத்த முறை வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். சாதுவான மீன் முதலில், முரடு கடைசியில். ஃபயர் ஃபிஷ், கோபி, கார்டினல் போன்றவை முதலில் போய் இடம் பிடிக்கட்டும். கிளௌன் ஜோடி அதற்குப் பிறகு. சிக்ஸ் லைன் ராஸ், குட்டை ஏஞ்சல் வகைகள் கடைசி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள். ஒரே வடிவம், ஒரே நிறம் கொண்ட இரண்டு மீன்களைச் சேர்க்காதீர்கள். தன்னைப் போலவே தெரியும் மீனைத்தான் முதலில் அடிக்கும்.

இரண்டு நீமோ வாங்கினேன், பெரியது சின்னதை அடிக்கிறது

இதில் பாதி கவலை தேவையில்லை. நீமோ என்று விற்கும் கிளௌன் மீன்கள் எல்லாம் ஆணாகவே தொடங்கும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். அந்த முடிவு எடுக்கும் காலத்தில் துரத்தல் இருக்கும். சின்னது பக்கவாட்டில் சாய்ந்து உடம்பை வெடவெடவென்று நடுக்கிக் காட்டினால், "நீதான் பெரியவள்" என்று ஒப்புக்கொள்கிறது என்று பொருள். அதன்பின் அடி குறையும். சின்னது நடுங்குவதில்லை, திருப்பித் தாக்குகிறது, துடுப்பு கிழிகிறது என்றால் இரண்டும் பெண்ணாக இருக்கலாம். உடனே பிரியுங்கள். அளவில் தெளிவான வித்தியாசம் உள்ள இரண்டு குட்டிகளை வாங்கினால் இந்தச் சிக்கலே வராது.

வாங்கும்போது இனத்தையும் கேளுங்கள். படத்தில் பார்த்த நீமோ ஒசெல்லாரிஸ் வகை, பெரும்பாலும் 8, 9 செ.மீ. தாண்டாது, சாது. நம் கடலில் பிடிபடும் செபே கிளௌனும் நீமோ என்ற பெயரில் விற்கப்படுகிறது. அது இன்னும் பெரிதாகும், குணமும் கடுமை. இரண்டு வகையையும் ஒரே தொட்டியில் வைக்க முடியாது. தொட்டியில் பிறந்த குட்டி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்குங்கள். மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனம் கிளௌன் இனப்பெருக்க முறையை உருவாக்கி வெற்றி கண்டிருக்கிறது. பண்ணைக் குட்டி தீவனம் சாப்பிடப் பழகியிருக்கும், பயணத்தையும் தாங்கும். நீமோவுக்குக் கடல் தாமரை (அனிமோன்) கட்டாயம் இல்லை. புதுத் தொட்டியில் அதை வைத்தால் அது செத்து அழுகி மற்றதையும் கெடுக்கும்.

மீன் கண்ணாடியோரமாக ஓயாமல் இங்கும் அங்கும் ஓடுகிறது, பிறகு வெள்ளைப் புள்ளி வருகிறது

பெரும்பாலும் இது டோரி அல்லது பவுடர் ப்ளூ. தொட்டி 3 அடியோ 4 அடியோ இருக்கும். இரண்டும் பாறை நெடுக நாள் முழுவதும் நீந்தி மேயும் மீன்கள். டோரி 30 செ.மீ. வரை வளரும். பவுடர் ப்ளூ இந்தியப் பெருங்கடல் மீன், 20 செ.மீ.க்கு மேல் வரும், வெள்ளைப் புள்ளி நோய் பிடிப்பதில் அதற்கு இணை இல்லை. இவற்றுக்கு 6 அடித் தொட்டி வேண்டும். "குட்டியாத்தானே இருக்கு, வளர்ந்தா பெரிய தொட்டி வாங்கிக்கலாம்" என்று சொல்பவர்களில் பெரிய தொட்டி வாங்கியவர்களை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

புள்ளி ரவை சிதறியது மாதிரி தனித்தனியாகத் தெரிந்தால் கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி. பொன்னிறப் பொடி பூசியதுபோல மிக நுண்மையாக, மீன் படுவேகமாக மூச்சு விட்டால் வெல்வெட் நோய். அது ஓரிரு நாளில் கொன்றுவிடும், காத்திருக்காதீர்கள். வெள்ளைப் புள்ளியில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஒட்டுண்ணி சில நாட்கள் மீன்மேல் இருந்து, தானாகவே உதிர்ந்து மணலிலும் கல்லிலும் கூடு கட்டிப் பெருகும். அப்போது மீன் சுத்தமாகத் தெரியும். ஊற்றிய மருந்து வேலை செய்தது என்று நாம் நினைப்போம். அடுத்த சுற்றில் பல மடங்காகத் திரும்பி வரும்.

எல்லா மீன்களையும் தனித் தொட்டிக்கு மாற்றி, காப்பர் மருந்தை அதற்கான டெஸ்ட் கிட் வைத்து அளந்து, பாட்டிலில் சொன்ன காலம் முழுவதும் கொடுங்கள். முக்கியத் தொட்டியில் காப்பர் ஊற்றவே கூடாது. இறால், நத்தை எல்லாம் சாகும், கல் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மீன் இல்லாமல் முக்கியத் தொட்டி இரண்டரை மாதம் ஓடட்டும். ஒட்டிக்கொள்ள மீன் கிடைக்காமல் ஒட்டுண்ணி ஒழியும். அதே டோரியை அதே 3 அடித் தொட்டிக்குத் திருப்பி விட்டால் அடுத்த முறை எந்த நோய் வந்தாலும் முதலில் விழுவது அதுதான்.

மதியத்தில் எல்லா மீனும் மேலே வந்து மூச்சு வாங்குகிறது

ஒரு மீன் மட்டும் என்றால் செவுள் நோய். எல்லாமே என்றால் ஆக்ஸிஜன் அல்லது அமோனியா. அமோனியா பூஜ்யம் என்றால் தெர்மாமீட்டரைப் பாருங்கள். ஓசூர்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. தர்மபுரி, அரூர், ஊத்தங்கரைப் பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் மாடி வீட்டுத் தொட்டி 31, 32 டிகிரியைத் தொட்டுவிடும். கடல் தொட்டிக்கு 24 முதல் 27 போதும். சூடு ஏற ஏற ஆக்ஸிஜன் குறையும், மீனின் தேவையோ கூடும். நெரிசலான தொட்டியில் இது முதலில் தெரியும். அளவாக மீன் உள்ள தொட்டி அதே வெயிலைத் தாண்டிவிடும்.

மேற்பரப்பின்மேல் ஒரு சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் அதற்கேற்ப தண்ணீர் ஆவியாகும், உப்பு அப்படியே தங்கும். எனவே கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, தினமும் அந்தக் கோடு வரை உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரைச் சேருங்கள். உப்புத் தண்ணீர் சேர்த்தால் அடர்த்தி ஏறிக்கொண்டே போகும். கரண்ட் போகும் ஊருக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம்.

மீனைக் காணோம்

முதலில் தரையைப் பாருங்கள், ஸ்டாண்டுக்குப் பின்னாலும் பாருங்கள். ஃபயர் ஃபிஷ், கோபி, ராஸ் எல்லாம் துள்ளும் வகை. மேலே வலை மூடி போட்டால் தீர்ந்தது. தரையில் இல்லை என்றால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். லயன் மீனின் வாயில் எது நுழையுமோ அது மறுநாள் இருக்காது. அது சண்டையே போடாது, அமைதியாக மிதக்கும். அதனால் சாது என்று நம்பிவிடுகிறார்கள்.

எதைப் போட்டாலும் சாப்பிடுவதில்லை

விரட்டுபவர் யாரும் இல்லை, தண்ணீரும் சரி என்றால் வாங்கிய மீனே தவறு. பட்டர்ஃப்ளை வகைகளில் பல பவளத்தின் சதையை மட்டுமே கொறிப்பவை. மூரிஷ் ஐடல் வீட்டுத் தொட்டியில் பெரும்பாலும் பட்டினியில்தான் முடியும். மாண்டரின் மீனுக்குக் கல்லில் ஊரும் மிகச் சிறிய உயிரினங்கள் ஏராளமாக வேண்டும். கிளீனர் ராஸ் மற்ற மீன்களின் ஒட்டுண்ணியைத் தின்று வாழ்வது. மூன்று நான்கு மீன் உள்ள தொட்டியில் அதற்குச் சாப்பாடே இல்லை. கடையில் தீவனம் போடச் சொல்லி, சாப்பிடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். பார்சல் என்றால் வீடியோ கேளுங்கள்.

கடல் குதிரையையும் பவளத்தையும் "ரகசியமா இருக்கு, வேணுமா" என்று விற்க வருபவர்களிடம் பேச்சே வைத்துக்கொள்ளாதீர்கள். நம் கடலிலிருந்து எடுக்கும் கடல் குதிரையும் பாறை கட்டும் பவளங்களும் 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவை. வைத்திருப்பதே குற்றம்.

பழுப்புப் பாசி கண்ணாடியையும் மணலையும் மூடுகிறது

புதுத் தொட்டியில் முதல் சில வாரம் இது இயல்பு. மாதக்கணக்கில் போகவில்லை என்றால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். நம் மாவட்டங்களில் போர் தண்ணீர் என்றவுடன் எல்லோரும் ஃப்ளூரைடைச் சொல்வார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததும் அதற்காகத்தான். ஆனால் கடல் நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 1.3 மில்லிகிராம் ஃப்ளூரைடு இருக்கிறது. தொட்டிக்கு எதிரி போர் தண்ணீரில் வரும் நைட்ரேட், சிலிக்கேட், பாஸ்பேட். ஆர்.ஓ. தண்ணீர்தான் வழி. வீட்டு ஆர்.ஓ. மெஷினில் சுவைக்காகக் கொஞ்சம் சுத்திகரிக்காத தண்ணீரைக் கலக்கும் திருகு ஒன்று இருக்கும். அதை மூடிவிட்டுப் பிடியுங்கள். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

தண்ணீர் சரியாக இருந்தும் பாசி என்றால் மீன் அதிகம், தீவனம் அதிகம். நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமைத் தாண்டிக்கொண்டே இருந்தால் மீன் எண்ணிக்கையைக் குறைப்பதைப் பற்றி யோசியுங்கள்.

சரி, என் தொட்டிக்கு எவைதான் ஒத்துவரும்?

2 அடியில் ஒசெல்லாரிஸ் ஜோடி, அவ்வளவுதான். அதுவும் தண்ணீர் குறைவு என்பதால் எந்தத் தவறும் வேகமாகப் பாதிக்கும். முதல் தொட்டியாக இதை நான் சொல்ல மாட்டேன். புதிதாகத் தொடங்குபவருக்கு என் பரிந்துரை 3 அடி: கிளௌன் ஜோடி, ஒரு ஃபயர் ஃபிஷ், ஒரு பங்காய் கார்டினல், பிஸ்டல் இறாலுடன் ஒரு கோபி. 4 அடியில் இதோடு ஒரு கோரல் பியூட்டி ஏஞ்சலும், பாசி மேயும் ஒரு பிளென்னியும் சேரலாம். எம்பரர் ஏஞ்சல் 40 செ.மீ. வரை வளரும்; குட்டியில் நீலத்தில் வெள்ளை வளையம் போட்டு மயக்கும், கடந்துபோய்விடுங்கள்.

மீன் தொட்டியை மீறி வளர்ந்துவிட்டது

ஏரியிலோ கே.ஆர்.பி. அணையிலோ விடலாமா என்று கேட்கிறார்கள். கடல் மீன் நன்னீரில் துடித்துச் சாகும், விடாதீர்கள். பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ, திரும்ப எடுத்துக்கொள்ளும் கடையிலோ சேர்த்துவிடுங்கள். டோரி, பவுடர் ப்ளூ போன்றவற்றைப் பிடிக்க வலை வேண்டாம். வாலின் அடியில் இரு பக்கமும் கத்தி போன்ற ஒரு முள் மடங்கி இருக்கும். பயந்தால் அது விரிந்து வலையில் மாட்டிக்கொள்ளும், உங்கள் கையையும் கிழிக்கும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்துப் பிடித்து, மீனை மெல்ல அதற்குள் ஓட்டி, தண்ணீரோடு தூக்குங்கள். முந்தைய நாள் தீவனம் போடாதீர்கள். மூடி உள்ள பக்கெட்டில் தொட்டித் தண்ணீரையே நிரப்பி, பேட்டரி ஏர் பம்ப் போட்டு, வெயில் ஏறுவதற்குள் கிளம்புங்கள்.